கார் மாடு இல்லை என்று சொன்ன மைத்துனருக்கு

மாண்பும் மதிப்பும் மிக்க மைத்துனர் அவர்களின் சமூகத்துக்கு,

அத்தான் எழுதும் மடல். தாங்களும் தங்கள் துணைவியாரும் பிள்ளைகளும் ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் தங்கள் அக்காவும் சுகம். என் முழங்கால் பழையபடி, அவள் வாய் பழையபடி. நம் வண்டியும் பூரண சுகம். அதன் சுகத்தைப் பற்றி விரிவாகத் தெரிவிக்கவே இந்தக் கடிதம். நான் ‘தாங்கள்’ என்று எழுதினால் கோபத்தில் இருக்கிறேன் என்று அர்த்தம், இது குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் இன்றைக்கு என்னிடம் இருப்பது கோபம் இல்லை, வெற்றி. ஜெயித்தவன் கொஞ்சம் தாராளமாக நடந்துகொள்ள வேண்டும். அதனால் ‘தாங்களை’ இந்த வரியோடு இறக்கி வைத்துவிட்டு, அரைக்கால் சட்டைக் காலத்திலிருந்து உன்னைப் பார்க்கிறவன் என்ற உரிமையில் ‘நீ’ என்றே எழுதுகிறேன்.

போன மாதம் உன் வீட்டுக் கூடத்தில், சாப்பிட்ட கை காய்வதற்குள் நீ கூட்டிய பஞ்சாயத்து உனக்கு நினைவிருக்கும். வண்டிக்கும் வயசாகிவிட்டது, ஓட்டுகிறவருக்கும் வயசாகிவிட்டது, இரண்டில் ஒன்றையாவது குறைக்க வேண்டும் என்றாய். என்னைக் குறைக்க முடியாது என்பதால் வண்டியைக் குறைப்பது என்று முடிவானது. நான் கெஞ்சியதன் பேரில் ஒரு வாய்தா கொடுத்தாய். இன்னொரு தடவை நடுவழியில் நின்றாலோ, காலையில் கிளம்பாமல் மக்கர் பண்ணினாலோ, அன்றைக்கே உன் ஆபீஸ் நண்பருக்கு விற்றுவிட வேண்டும், நாங்கள் வாடகைக் காரில் போய்வர வேண்டும். என் மகளும் தலையாட்டினாள். நான் பெற்ற பெண், உன் பக்கம் தலையாட்டினாள். வண்டியின் குணம் எனக்குத் தெரியும், அதற்கு என்ன செய்கிறது என்று அது என்னிடம் சொல்லும் என்று நான் சொன்னபோது, நீ பொறியாளர் பட்டத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு ஒரு வாக்கியம் சொன்னாய். “அத்தான், கார் மாடு இல்ல. தடவிக் குடுத்தா கிளம்பாது.” கூடம் சிரித்தது. உன் அக்காவும் சிரித்தாள். டம்ளரால் வாயை மறைத்துக்கொண்டால் எனக்குத் தெரியாது என்று நினைத்திருக்கிறாள்.

வண்டி எனக்கு எதற்கு என்று நீ ஒருநாளும் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். ஊர்க்கோடியில் இருக்கும் பிராணிகள் காப்பகத்துக்கு நான் வாரம் ஒரு நாள் போகிறேன் அல்லவா, அங்கே ஒரு கிழக் கழுதை இருக்கிறது. குளம்பு அழுகல். என்னைத் தவிர வேறு யார் அதன் பின்னங்காலைத் தொட்டாலும் அடுத்த வாரம் அவர்களுக்குத்தான் கட்டுப் போட வேண்டியிருக்கும். வண்டி மெக்கானிக்கிடம் கிடந்த வாரங்களில் பார்த்துவிட்டேன், போகும்போது வாடகைக் கார் வரும். திரும்பும்போது எந்த ஓட்டுநரும் என்னை ஏற்றிக்கொள்வதில்லை. ஒருவர் கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி, மோந்து பார்த்துவிட்டு, ஏற்றிக்கொண்டு போயே போய்விட்டார். ஏற்றியது கண்ணாடியைத்தான், என்னை இல்லை. வேலையிலிருந்து ஓய்வு கொடுத்தார்கள், சரி என்று வந்தேன். அந்தக் கழுதையிடமிருந்தும் ஓய்வு கொடுத்தால் நான் இந்த நாற்காலியில் உட்கார்ந்து எதிர்ச்சுவரைத்தான் பார்க்க வேண்டும். இப்போது புரிகிறதா, உன் நண்பருக்கு நீ எதைத் தூக்கிக் கொடுக்கப் பார்த்தாய் என்று?

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை மகள் மதியச் சாப்பாட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். சாப்பாடு ஒரு சாக்கு, வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து உனக்கு அறிக்கை கொடுப்பதுதான் திட்டம் என்பது எனக்குத் தெரியாதா? அதனால் காலையிலேயே கண்ணாடியெல்லாம் துடைத்து, உள்ளே ஊதுபத்தி மாதிரி ஏதோ ஒன்றைத் தொங்கவிட்டு, கழுதை வாசனையை ஒருவாறு சமாளித்து, சாவியைப் போட்டுத் திருப்பினேன். செல்ஃப் எடுத்தது. கிர்ர் கிர்ர் கிர்ர் என்று உற்சாகமாக எடுத்தது. இன்ஜின் மட்டும் பிடிக்கவில்லை. மறுபடி திருப்பினேன். மறுபடியும் அதே கிர்ர். சனிக்கிழமை காலை காய்கறி வாங்கப் போனபோது தொட்டவுடன் கிளம்பிய வண்டி, வேறு நாளே கிடைக்காதது போல் அன்றைக்குப் படுத்துவிட்டது. எனக்குக் கை கால் ஓடவில்லை. உன் முகமும் உன் நண்பர் முகமும் கண்ணாடியில் தெரிந்தன.

எதிர்வீட்டுக்காரரை உனக்குத் தெரியும், நாங்கள் அவரை ‘பேட்டரி’ என்றுதான் சொல்வோம். எது கெட்டுப்போனாலும் பேட்டரி என்பார். சுவர்க்கடிகாரம் நின்றால் பேட்டரி, ரேடியோ கரகரத்தால் பேட்டரி, என் காதுக் கருவி மந்தமானபோதும் அதையேதான் சொன்னார், அதில் மட்டும் அவர் சொன்னது சரி. இரண்டாவது கிர்ர் சத்தத்துக்கே லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். “பேட்டரி சார்” என்றார். செல்ஃப் இவ்வளவு வேகமாகச் சுற்றுகிறதே, பேட்டரி வீக்காக இருந்தால் சுற்றுமா என்றேன். சுற்றுகிற மாதிரி நடிக்கும் என்றார். தள்ளிவிட்டால் பிடித்துக்கொள்ளும் என்று அவர் சொல்ல, வண்டியோ வழக்கம்போல் வாலைச் சுவருக்குக் காட்டிக்கொண்டு ஷெட்டில் நிற்க, நானும் அவரும் ஆளுக்கொரு பக்கம் கைவைத்தோம். அது அசைந்தால்தானே. உன் அக்கா சமையலறையிலிருந்து வந்து, “ஹேண்ட் பிரேக் போட்டிருக்கு. கியரை நியூட்ரல்ல போட்டுட்டு அப்புறம் தள்ளுங்க” என்றாள். இந்த வார்த்தையெல்லாம் இவளுக்கு எப்படித் தெரியும் என்று ஒரு கணம் ஆச்சரியப்பட்டேன். டிவி பார்த்துப் பார்த்து இந்தக் காலத்தில் யாருக்குத்தான் என்ன தெரியவில்லை. அவளும் ஒரு கை கொடுத்தாள். வெளிக்கேட் வரை தள்ளினோம். வண்டி பிடிக்கவில்லை, பேட்டரிக்காரருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

எங்கள் மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். ஞாயிறு விடுமுறை, இருந்தாலும் நல்ல மனுஷன், எடுத்தார். சத்தம் கேட்க வேண்டும் என்றார். போனை பானெட்டுக்குள் பிடித்துக்கொண்டு, உன் அக்காவைச் சாவி திருப்பச் சொன்னேன். கேட்டுவிட்டு, “பம்ப் போயிருக்கும் சார். பெட்ரோல் டேங்கை இறக்கணும். நாளைக்கு ஆள் அனுப்பிக் கட்டி இழுத்துட்டு வரேன்” என்றார். நாளைக்கு இழுத்துக்கொண்டு போனால் நாளன்றைக்கு உன் நண்பர் ஓட்டிக்கொண்டு போவார். உன் அக்கா முகம் வாடிவிட்டது. “பெரிய கோளாறுங்களா?” என்று கேட்டாள். அவள் இப்படி வாடி நான் பார்த்ததே இல்லை. எனக்காக இவ்வளவு கவலைப்படுகிறாளே என்று நெகிழ்ந்துபோனேன். அந்த நெகிழ்ச்சியில்தான் எனக்கு வீரம் வந்தது.

மச்சான், நான் முப்பது வருஷத்துக்கு மேல் மாட்டு டாக்டராக இருந்தவன். மனுஷ டாக்டருக்கு என்ன கஷ்டம்? நோயாளியே வந்து, இங்கே வலிக்கிறது, அங்கே எரிகிறது என்று பாதி வைத்தியத்தைப் பார்த்துவிடுவான். என்னிடம் வந்தவர்கள் எல்லாரும் வாயில்லா ஜீவன்கள். சொந்தக்காரன் ஒரு கதை சொல்வான், அதை எழுதிக்கொள்ளலாம், நம்பக் கூடாது. பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று ஒருவர் கொண்டுவந்த ஆட்டின் வயிற்றிலிருந்து அரை ஜன்னல் திரையை எடுத்தவன் நான். அதனால் முதலில் சொந்தக்காரனை, அதாவது என்னையே, நிற்கவைத்துக் கேட்டேன். கடைசியாக எப்போது தீனி போட்டாய்? வெள்ளிக்கிழமை, பாதி டேங்க். எங்கே கூட்டிப்போனாய்? காய்கறிக் கடைக்கு. வரும்போது நொண்டியதா, இருமியதா? இல்லை. எங்காவது மோதினாயா? சத்தியமாக இல்லை. எழுதிக்கொண்டேன், நம்பவில்லை. பிறகு வீட்டில் இருக்கும் மற்றவர்களை விசாரிக்க வேண்டும் என்பது முறை. சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் வண்டிக்கு ஏதாவது ஆனதா என்று உன் அக்காவைக் கேட்டேன். அடுப்பில் ஏதோ கருகுகிறது என்று உள்ளே போய்விட்டாள்.

அலமாரியிலிருந்து என் பழைய ஸ்டெதஸ்கோப்பை எடுத்து மாட்டிக்கொண்டு வந்தேன். பேட்டரிக்காரர் தன் நெஞ்சைக் காட்டினார், உங்களுக்கு இல்லை என்று சொல்லிவிட்டு வண்டிக்குப் பின்னால் மண்டிபோட்டு உட்கார்ந்தேன். மாடு நோய்ப்பட்டால் முன்பக்கம் பார்க்கிறவன் பாமரன், பின்பக்கம் பார்க்கிறவன் டாக்டர். சைலன்சர் குழாயில் மூக்கை வைத்து மோந்து பார்த்தேன். இத்தனை முறை செல்ஃப் அடித்ததற்குப் பெட்ரோல் வாசனை குப்பென்று அடிக்க வேண்டும். ஒன்றுமே இல்லை. அப்படியானால் உள்ளே தீனியே போகவில்லை. தெருவில் நாயோடு நடை போன ஒரு அம்மாள் நின்று என்னைப் பார்த்தார், பிறகு நாயை இழுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போனார். அந்த நாய்க்கு மட்டும் நான் செய்கிற வேலை புரிந்தது, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது.

இரைப்பையில் பாதி டேங்க் தீனி இருக்கிறது, தொண்டைக்கு வரவில்லை. இடையில் எங்கே நின்றது? ஒரு மாடு படுத்துவிட்டால் அதன் இடது விலாவில் காதை வைப்போம். உள்ளே கடமுடா என்று ஒரு சத்தம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தச் சத்தம் இல்லாவிட்டால்தான் பயப்பட வேண்டும். அதை நினைத்தபோதுதான் எனக்குப் பளிச்சென்றது. இத்தனை வருஷமாக நான் சாவியைப் பாதி திருப்பியவுடன் பின்சீட்டுக்கு அடியிலிருந்து ‘ம்ம்ம்’ என்று ஒரு முனகல் கேட்கும். வண்டி தொண்டையைச் செருமிக்கொள்கிறது என்று நினைத்துக்கொள்வேன். காலையிலிருந்து அந்த முனகலைக் கேட்கவே இல்லை. பின்சீட்டைத் தூக்கி, ஸ்டெதஸ்கோப்பை வைத்து, உன் அக்காவைச் சாவி திருப்பச் சொன்னேன். அமைதி. பம்ப் அங்கேதான் இருக்கிறது, மூச்சுப் பேச்சு இல்லை.

இந்த இடத்தில்தான் உன்னைப் போன்றவர்கள் பம்ப் செத்துவிட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போடுவீர்கள். கால் அசையவில்லை என்பதற்காகக் கால் போய்விட்டது என்று சொல்கிறவன் டாக்டரா? நரம்பு அறுந்திருக்கலாம், நரம்பை எதுவோ அழுத்திக்கொண்டிருக்கலாம். முதலில் ஃபியூஸைப் பார்த்தேன். நல்லதா கெட்டதா என்று கண்ணுக்குத் தெரியவில்லை. பம்ப் ஃபியூஸும் ஹாரன் ஃபியூஸும் ஒரே நிறம், ஒரே அளவு. பம்ப்பினுடையதைப் பிடுங்கி ஹாரனுக்குப் போட்டு ஓர் அழுத்து அழுத்தினேன். பானெட்டுக்குள் தலையை விட்டுப் பேட்டரியின் முனைகளைச் சுரண்டிக்கொண்டிருந்த பேட்டரிக்காரர் எகிறிக் குதித்தார். ஃபியூஸ் நன்றாகவே இருக்கிறது என்பது தெருவுக்கே தெரிந்தது. அதைப் பழைய இடத்திலேயே திருப்பிச் செருகினேன். அப்படியானால் ஃபியூஸுக்கும் பம்ப்புக்கும் நடுவில் எங்கோ நரம்பு பிடித்திருக்கிறது.

பம்ப்பிலிருந்து புறப்படும் வயரை விரலால் பிடித்துக்கொண்டே போனேன். அது சீட்டுக்கு அடியில் போய், பின்னால் வளைந்து, டிக்கிக்குள் நுழைந்தது. டிக்கியைத் திறந்தால் அங்கே உட்கார்ந்திருந்தது உன் பெட்டி. உன் வீட்டில் இடமில்லை என்று சொல்லி, அன்றைக்குப் பஞ்சாயத்து முடிந்ததும் நீ என் வண்டியில் ஏற்றிவிட்ட இன்ஜினியரிங் பத்திரிகைகள், இருபது வருஷத்தியவை. நானும் இறக்க ஆள் கிடைக்காமல் அப்படியே வைத்திருந்தேன். பேட்டரிக்காரரும் நானும் மூச்சுப் பிடித்து அதை வெளியே எடுத்தோம், அவருடைய இடுப்பின் மறுபக்கமும் பிடித்துக்கொண்டது. பெட்டி இருந்த இடத்தை ஒட்டி, பக்கவாட்டுச் சுவரில், கம்பளத்துணியைத் தூக்கிப் பார்த்தால் உள்ளங்கையில் அடங்குகிற ஒரு சின்ன டப்பா. அதன் தலையில் ரப்பர் மூடிபோட்ட ஒரு பொத்தான், வீங்கின கட்டி மாதிரி மேலே தூக்கிக்கொண்டு நின்றது. அது என்னவென்று எனக்குத் தெரியாது, தெரிந்ததாகப் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் உடம்பில் எது தன் இடத்தை விட்டுத் துருத்திக்கொண்டு நிற்கிறதோ அதை மெல்ல உள்ளே தள்ளிப் பார்ப்பது எங்கள் தொழில். கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். டக் என்றது.

உன் அக்காவைப் பார்த்துத் தலையாட்டினேன். அவள் சாவியைப் பாதி திருப்பினாள். பின்சீட்டுக்கு அடியிலிருந்து ‘ம்ம்ம்’ என்றது. மச்சான், நான் கையை உள்ளே விட்டுத் திருப்பி எடுத்த கன்றுக்குட்டி முதல் மூச்சு விடும்போது கேட்ட சந்தோஷம் அது. மறுபாதியும் திருப்பினாள், ஒரே கிர்ர், வண்டி பிடித்துக்கொண்டது. புகையும் பெட்ரோல் வாசனையும் கமகமவென்று வந்தன. நான் பானெட்டைத் தட்டிக் கொடுத்தேன். தடவியும் கொடுத்தேன். உன் வீடு இருக்கும் திசையைப் பார்த்து நின்றுகொண்டு தெருவே கேட்கும்படி சொன்னேன், “கார் மாடுதான்டா மச்சான்!” பேட்டரிக்காரர் கைதட்டினார். முனைகளைச் சுரண்டிவிட்டதால்தான் கிளம்பியது என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார், சொல்லட்டும்.

கேட்டருகே ஆட்டோ வந்து நின்று மகள் இறங்கியது சரியாக அந்த நேரம். ஓடுகிற வண்டி, ஸ்டெதஸ்கோப் மாட்டிய அப்பா, டிரைவர் சீட்டில் அம்மா, பிளாட்பாரத்தில் உன் பெட்டி, அதன்மேல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எதிர்வீட்டு மாமா. அவள் ஒன்றும் கேட்பதற்கு முன் மெக்கானிக் போன் பண்ணினார். நான் பெருமை பொங்க ஸ்பீக்கரில் போட்டேன். நடந்ததைச் சொன்னேன். அவரும் பாராட்டினார், இல்லை என்று சொல்லவில்லை. பாராட்டிவிட்டு, “அது பெட்ரோல் கட் பண்ற சுவிட்ச் சார். வண்டி எங்கயாவது மோதினா நெருப்புப் பிடிக்கக் கூடாதுன்னு தானா பெட்ரோலை நிறுத்திடும். எங்க சார் இடிச்சீங்க?” என்றார். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது. மகள் என்னைப் பார்த்தாள். நீ சின்ன வயதில் பிடிபட்டபோது உன் அம்மா பார்ப்பாரே, அந்தப் பார்வை உன் அக்கா வழியாக இவளிடம் அப்படியே வந்திருக்கிறது. வண்டி கிளம்பாததுகூட மன்னிக்கப்பட்டிருக்கும். அப்பா எங்கேயோ மோதிவிட்டு மறைக்கிறார் என்றால் சாவி அன்றைக்கே போய்விடும்.

ஒரு நோயைக் கண்டுபிடித்த வியர்வை உலர்வதற்குள் இரண்டாவது நோயில் இறங்கினேன். மகளையே கூப்பிட்டு முன் பம்பரைக் காட்டினேன். ஒரு கீறல் இல்லை. பக்கங்களில் இருந்த கீறல்கள் எல்லாம் அவள் கல்லூரியில் படிக்கும்போது போட்டவை, அவளே ஒத்துக்கொண்டாள். பின் பம்பர் கறுப்புப் பிளாஸ்டிக், அதிலும் சொல்லும்படியாக ஒன்றுமில்லை. பிறகு எப்படி அடி பட்டது? என் கண் தானாகப் பிளாட்பாரத்துக்குப் போனது. சுவிட்சுக்கு ஒரு சாண் பக்கத்தில், கட்டாமல் கொள்ளாமல், ஒரு கன்றுக்குட்டி கனத்தில் இருந்த பெட்டி. சனிக்கிழமை கடையிலிருந்து வந்து ஷெட்டுக்குள் நுழைகிற திருப்பத்தில் அது சறுக்கிப் போய் டிக்கியின் பக்கச்சுவரில் மோதியிருக்கிறது, மோதிய அதிர்ச்சியில் சுவிட்ச் எகிறியிருக்கிறது. வேறு எப்படி இருக்க முடியும்? மெக்கானிக்கைக் கேட்டேன், “இருக்கலாம் சார்” என்றார். இருக்கலாம் என்றால் எங்கள் துறையில் உறுதி என்று அர்த்தம். மகள் பெட்டியின் மேல் எழுதியிருந்த உன் பெயரை வாசித்தாள், சிரித்தாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு அவளை உட்காரவைத்து ஊரை ஒரு சுற்று சுற்றிவந்தேன். ஒரு குலுக்கல் இல்லை, ஓர் இருமல் இல்லை. திரும்பி வந்து இறங்கும்போது அவள் சொன்னதை வார்த்தை மாறாமல் எழுதுகிறேன். “அப்பா, வண்டி இங்கயே இருக்கட்டும். மாமாகிட்ட நான் பேசிக்கறேன்.” எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஊதுபத்தி மாதிரி தொங்கவிட்டிருந்தேனே அதன் நெடி என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஆகவே மச்சான், நடந்தது இதுதான். என் வண்டியைப் படுக்கவைத்தது உன் பெட்டி. எழுப்பியது என் கட்டைவிரல். உன் நண்பரிடம் வேறு வண்டி பார்த்துக்கொள்ளச் சொல். நான் வன்மம் வைத்திருக்கிறவன் இல்லை, உன்னிடம் பெரிதாக ஒன்றும் கேட்கவும் இல்லை. அதே கூடத்தில், அதே ஆட்கள் முன்னால், எழுந்து நின்று, ‘அத்தான், கார் மாடுதான்’ என்று ஒரே ஒரு முறை சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள். யாரும் டம்ளரால் வாயை மறைக்காமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் துணைவியாருக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு என் முத்தங்கள், அவர்கள் உன் படிப்பையும் என் அறிவையும் பெற்று வளரட்டும். நீயும் நோய்நொடி இல்லாமல், கனமான பெட்டிகள் இல்லாமல், நூறு வயது வாழ வேண்டும்.

வெற்றியின் களைப்புடன்,
உன் அத்தான்

பி.கு.: கடிதத்தை மடித்து உறையில் போட உன் அக்காவிடம் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிக்க ஆரம்பித்துவிட்டாள். ஸ்டெதஸ்கோப் வரை சிரித்தாள். உன் பெட்டி வந்த இடத்தில் சிரிப்பு நின்றது. “என் தம்பி மேல பழி போட்டு அனுப்பாதீங்க. அது பெட்டி இல்ல, நான்” என்றாள். எனக்குப் புரியவில்லை. கையைப் பிடித்து ஷெட்டுக்குக் கூட்டிப்போய், பின்சுவரை ஒட்டி அடுக்கியிருந்த பழைய செய்தித்தாள் கட்டை நகர்த்திக் காட்டினாள். முழங்கால் உயரத்தில் சுண்ணாம்பு பெயர்ந்து, நம் பம்பரின் அகலத்துக்கு ஒரு பள்ளம். சனிக்கிழமை மத்தியானம் நான் தூங்கிக்கொண்டிருந்தபோது வண்டியை வெளியே எடுத்துப் போய், திரும்பி வந்து ரிவர்ஸில் விடும்போது ஒரு முட்டு முட்டியிருக்கிறாள். முட்டியதும் இன்ஜின் தானாக அணைந்ததாம். சரியான இடத்தில் நின்றுவிட்டது என்று நினைத்துப் பூட்டிவிட்டு வந்தாளாம்.

எதை ஓட்டினாய், எப்போதிலிருந்து ஓட்டுகிறாய் என்று கேட்டேன். கைப்பையிலிருந்து லைசென்ஸை எடுத்து நீட்டினாள். போட்டோவில் நன்றாகச் சிரித்திருக்கிறாள். பேட்டரிக்காரர் மனைவிதான் குரு. பேட்டரிக்காரரும் மத்தியானம் தூங்குகிறவர், நானும் தூங்குகிறவன், இரண்டு வீட்டுக் குறட்டையும் கேட்க ஆரம்பித்ததும் பெண்கள் இருவரும் கிளம்பிவிடுவார்களாம். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றேன், குரல் கொஞ்சம் உயர்ந்துதான் போனது. அவள் கத்தவில்லை. “வண்டி போகக் கூடாதுன்னு உங்களுக்கு மட்டும்தான் இருக்குமா? உங்க கண்ணு முந்தி மாதிரி இல்ல, எனக்குத் தெரியும். நாளைக்கு நீங்க ஓட்ட முடியாமப் போனா நாம ரெண்டு பேரும் ஆளுக்கொரு சுவத்தைப் பாத்துட்டு உக்காந்திருக்கணுமா? அந்தக் கழுதையை யாரு பாக்கறது?” என்றாள். நோயை வயர் வயராகப் பிடித்துக்கொண்டு போனவன், சாவியைத் திருப்பிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவளைப் பார்க்காமல் விட்டுவிட்டேன். வெட்கமாக இருந்தது, அதைவிடப் பெருமையாக இருந்தது. சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டேன். வாங்க மாட்டாள் என்று நினைத்துத்தான் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள்.

ஆகையால் மேலே நான் கேட்டிருக்கிறபடி நீ கூடத்தில் எழுந்து நின்று எதுவும் சொல்ல வேண்டாம். பெட்டியைப் பற்றி எழுதியதையும் படிக்காததாக வைத்துக்கொள். வண்டி விற்பனைக்கு இல்லை என்பது மட்டும் அப்படியே நிற்கிறது, அதில் உன் அக்கா என்னைவிடக் கறார். அடுத்த ஞாயிறு உன் பத்திரிகைகளை உன்னிடமே கொண்டுவந்து இறக்குகிறோம். நான் பக்கத்து சீட்டில் வருகிறேன். ஓட்டிவருகிறது அவள். முன்னால் போவதெல்லாம் பிரமாதமாகப் போகிறாள், ரிவர்ஸ்தான் இன்னும் கொஞ்சம் பழக வேண்டும். அதனால் கேட்டின் இரண்டு கதவையும் திறந்து வை. உன் வண்டியைத் தெருவில் விட்டுவிடு, அடுத்த தெருவாக இருந்தால் இன்னும் நல்லது.